பெரியப்பா நம்பிய ஒரே ஆள்

பசாருக்குப் போகும்போது பெரியப்பா சொந்தமாக ஒரு கைத்தராசு எடுத்துப் போவார். மீன்காரர் நிறுத்துக் கொடுத்ததை அவர் கண்முன்னாலேயே கொக்கியில் மாட்டி இன்னொரு முறை நிறுப்பார். முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளை நீட்டினாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டார். கூடப் போகும் எனக்குத்தான் மானம் போகும்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை ஏமாந்தார். அதற்குக் கம்ப்யூட்டரில் கடிதம் தட்டிக் கொடுத்தவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, டத்தோ கிராமாட்டில் பெரியப்பா, பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். சம்பளத்தில் கம்ப்யூட்டர் வாங்கி இணையமும் போட்டிருந்தேன். அந்த வருடம் பெரியம்மாவுக்குக் காது அநேகமாகக் கேட்காமல் போயிருந்தது. கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். யார் வந்தாலும் சிரித்துத் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவார். புதுக் காதுக் கருவி வாங்கப் பென்ஷன் பணம் எட்டவில்லை. அப்போதுதான் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கோலாலம்பூரில் ஒருவர், பிரிக்காத கருவியைப் பாதி விலைக்குத் தருவதாகப் போட்டிருந்தார்.

பெரியப்பா என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரணை நடத்தினார். ஏன் விற்கிறாய், ரசீது எங்கே, நேரில் பார்க்கலாமா என்று கேள்விமேல் கேள்வி. எனக்கும் சந்தேகம்தான், பொருளைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். இரண்டாவது பதிலின் அடியில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊருன்னு கேளு."

யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள் ஊரையும், யார் பிள்ளை என்பதையும் கேட்காமல் பேச்சைத் தொடங்கமாட்டார்கள். அப்பா யாழ்ப்பாணம், நான் இங்கேயே பிறந்தவன் என்று பதில் வந்தது. அங்கே எங்கள் பூர்வீக ஊரான சுன்னாகமா என்று கேட்கச் சொன்னார். ஆமாம் என்றது பதில். அங்கே தபால் மாஸ்டர் வீட்டுக்குச் சொந்தமா? ஆமாம், அவர் என் தாத்தா. கேள்வியிலேயே விடையை வைத்து நீட்டிக்கொண்டிருந்தோம். அது எனக்கு உறைத்தது. ஆனாலும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்குக் கைபேசியில் ஒரு சட்டை வாங்கவே நாலு பேரைக் கேட்கிறேன். அன்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நம்ம ஊர்க்காரன்லா. போய்ப் பார்க்கிறது மரியாதையா இருக்காது" என்று மறுநாளே வங்கியில் பணத்தைக் கட்டிவிட்டார்.

பார்சல் வரவில்லை. என் கடிதங்களுக்குப் பதிலும் நின்றுபோனது. மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு மேசையில் நான் நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கல்யாணம் முடித்து இங்கே வரும்வரை சுன்னாகத்திலேயே வளர்ந்தவர் அவர். இரண்டு முறை படித்தார்.

"தபால் மாஸ்டர் வீடு எங்கட வீட்டுக்கு எதிர்வீடு. அந்த மனுசனுக்குப் பிள்ளையே இல்லை. என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம்தானே."

உரக்கச் சொல்ல வேண்டுமே என்ற அலுப்பில் நாங்கள் அவரிடம் எதையுமே கேட்பதில்லை. பெரியப்பா தட்டைப் பார்த்தபடி, என் பிழைதான் என்று முணுமுணுத்தார். பெரியம்மா காதருகே கையைக் குவித்து, என்ன என்று கேட்டார். பெரியப்பா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்று, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி அதையே மறுபடி சொன்னார்.