குகதாசன் அண்ணரின் மற்றத் திறப்பு

என் அண்ணர் குகதாசனைப் போல ஒரு சந்தேகப் பிராணியைக் கனகராயன்குளத்தில் மட்டுமல்ல, ஏ-ஒன்பது வீதி முழுக்கத் தேடினாலும் காணமாட்டீர்கள். எண்ணெய்ப் போத்தலில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்குப் பேனையால் கோடு போட்டு வைக்கிற மனிதர். பால் கொடுக்கப் போனால், அளக்கிறவனின் கைக்குக் கீழே குந்தியிருந்து பார்ப்பார். வீதிக்கரையில் நான் வைத்திருக்கிற தேத்தண்ணிக் கடைக்கு வந்தாலும், கொடுத்த தேத்தண்ணியை முதலில் மணந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். சொந்தத் தங்கச்சி நான்!

"நஞ்சு போடேல்லை அண்ணை, குடியுங்கோ" என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறேன். கேட்டால்தானே.

சும்மா வந்த குணமில்லை அது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் வீட்டை விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்த ஒவ்வொரு தரமும் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. கடைசியாக முகாமால் வந்து பார்த்தபோது கதவு நிலைகூட இல்லை. புது வீட்டுக்கு அண்ணர் முதலில் வாங்கிய சாமான் ஒரு பெரிய பூட்டு. உட்காரக் கதிரை வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று அண்ணரின் இடுப்பில். மற்றதைப் பெற்ற பிள்ளைகளுக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை. தங்கராசாவிடம் கொடுத்திருந்தார். தங்கராசா, செத்துப்போன என் அண்ணியின் தம்பி. கடைசி இடப்பெயர்வில் காய்ச்சலில் கிடந்த அண்ணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவன். அதை அண்ணர் மறக்கவில்லை. மாட்டுப்பட்டியையும் அவனோடு சேர்ந்துதான் பார்த்தார்.

பட்டியில் எத்தனை மாடு நின்றாலும் அண்ணருக்குச் சிவப்பிதான் மாடு. அண்ணி சீதனமாகக் கொண்டுவந்த பசுவின் வழி அவள். யுத்தம் முடிந்து வந்தபோது காட்டுக்குள் ஆருமில்லாமல் அலைந்த மாடுகளுக்குள் எங்கள் சூட்டுக்குறியைப் பார்த்துப் பிடித்துவந்த ஒரே ஒரு பசு, அவளுடைய தாய். அண்ணியின் படம்கூட எரிந்துபோன வீட்டில் அண்ணிக்கென்று மிஞ்சியிருந்தது இவள்தான். ஆனால் பொல்லாதவள். முன் இடது கால் வெள்ளை. அந்தக் காலைப் பார்த்தாலே நான் விலகிவிடுவேன். வேறு ஆராவது கயிற்றைப் பிடித்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்பாள், இழுத்தால் முட்ட வருவாள். ஊசி போட வந்த மாட்டு டொக்டர் வேலிக்கு மேலால் பாய்ந்தவர். அண்ணரும் தங்கராசாவும் பிடித்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வருவாள்.

இப்படியிருக்கையில்தான் றிஃபாத் என்ற பெடியன் எங்கள் பக்கம் வரத் தொடங்கினான். பெடியன் என்கிறேன், முப்பது தாண்டியிருக்கும். வவுனியாவில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். சனிக்கிழமையானால் தடித்த சில்லுச் சைக்கிளில் வந்து என் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, குளக்கட்டாலும் காட்டுப் பாதையாலும் ஓடித் திரிவான். நெஞ்சுப் பட்டியில் நெருப்புப்பெட்டி மாதிரி ஒரு கமரா.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கண்டறியாத சாமானைக் கண்டால் எனக்கும் பத்திக்கொண்டு வரும். பெரிய கமராவென்றால் கல்யாண வீட்டுக்காரன் என்று நாங்களே சட்டையை இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்போம். இதுவோ கண்ணுக்கே தெரியாது. எங்களுடைய இடத்தில் படம் பிடித்துக்கொண்டு போனவர்களுக்குப் பின்னால் எப்போதும் வேறு யாராவது வந்திருக்கிறார்கள். வயலில் எல்லைக்கல் நட வந்தவர்கள் உண்டு. வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்க வந்தவர்கள் உண்டு.

"பெரிசும் வச்சிருந்தனான் அக்கா" என்றான் ஒருநாள். "கழுத்தில கொழுவிக்கொண்டு பத்தைக்குள்ள போக ஏலாது. கொப்பு இழுக்கும். இது பாரமில்லை, மழையில நனைஞ்சாலும் ஒண்டும் செய்யாது. சைக்கிள் ஓடேக்க தானாப் படம் பிடிச்சுக்கொண்டு வரும். நான் தொடவே தேவையில்லை."

"ஆர் தம்பி உம்மை அனுப்பினது?" என்று பக்கத்து வாங்கில் குந்தியிருந்தபடி கேட்டார் அண்ணர்.

"ஒருத்தரும் இல்லை அண்ணன். ஆசைக்கு எடுக்கிறன்."

"ஆசைக்கு" என்று அண்ணர் தேத்தண்ணிக்குள் சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து அவன் வந்தால் அண்ணர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு சனிக்கிழமை அண்ணர் கிளினிக்குக்காக வவுனியாவுக்குப் போயிருந்தார். பின்னேரம் பட்டி திரும்பியபோது சிவப்பியைக் காணவில்லை. இரவு திரும்பிவந்த அண்ணர் விடிய விடியக் காடெல்லாம் கூப்பிட்டுத் திரிந்தார். அடுத்த நாளும் போனார். தொண்டை அடைத்துப்போய் வந்தவர் சோற்றைத் தொடவில்லை. "அவளின்ர மாடு, சுமித்திரா. அதைக்கூடக் காப்பாத்தேல்லை நான்" என்று என் குசினி வாசலில் இருந்து அழுதார். அண்ணி செத்த வீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை.

தங்கராசாதான் கதையைத் தொடக்கினான்.

"அத்தான், நீங்கள் போன அண்டைக்கு அந்தக் கமராக்காரன் குளத்தடியில நிண்டவன். நான் என்ர கண்ணால கண்டனான். படம் பிடிச்சு மாடு கடத்திற லொறிக்காரருக்கு அனுப்பிறாங்கள். அவையளுக்கு மாடெண்டால் என்னெண்டு தெரியுந்தானே."

"வாயைப் பொத்து!" என்றேன். "பம்பு திருத்திற பெடியனை இறைச்சிக் கடைக்காரனாக்காதை. கண்டதெண்டால் அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"உனக்கு அவன்ர தேத்தண்ணிக் காசு பெரிசு மச்சாள்."

கெட்ட கோபம் வந்தது எனக்கு. ஆனால் அண்ணரின் முகத்தைப் பார்த்தேன், எள்ளும் கொள்ளும் வெடித்தது. இனி நான் என்ன சொல்லியும் ஏறாது.

அடுத்த சனி றிஃபாத் சைக்கிளைச் சாத்திவிட்டு வாங்கில் இருக்கமுன்னமே இரண்டு பேரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். தங்கராசா நெஞ்சுப் பட்டியில் கையை வைத்து இழுத்தான். கமரா கழன்று மேசையில் விழுந்தது.

"உடையுங்கோ அத்தான் இதை! உடைச்சுப்போட்டுப் பொலிசிட்டைக் குடுப்பம்!"

"என்ர கடைக்குள்ள ஆரும் ஒண்டும் உடைக்கேலாது!" என்று நான் அகப்பையோடு வெளியே வந்தேன்.

றிஃபாத் அண்ணரைத்தான் பார்த்துப் பேசினான். "அண்ணன், போன சனி குளத்தடியால வந்தனான்தான். மாட்டை நான் காணவுமில்லை. எடுத்த படமெல்லாம் போனில கிடக்கு. ஒளிக்க ஒண்டுமில்லை, பாருங்கோ."

"தேவையில்லை! வேண்டியதை அழிச்சுப்போட்டுத்தான் காட்டுவான்" என்றான் தங்கராசா.

அண்ணர் கையை நீட்டினார். சந்தேகக்காரர் அல்லவா, பார்க்காமல் விடுவாரா?

நானும் எட்டிப் பார்த்தேன். அவன் குலுங்கிக் குலுங்கி ஓடிய வழியெல்லாம் படமாகக் கிடந்தது. குளக்கட்டு, சைக்கிள் கைபிடி, வானம், திரும்பவும் குளக்கட்டு. பிறகு ஒரு படத்தில் ஆட்காட்டிக் குருவி ஒன்று செட்டையை விரித்துக்கொண்டு எழும்பியது. அதற்குப் பின்னால், வற்றிய குளத்தின் அந்தக் கரையில், சிவப்பாக ஏதோ ஒன்று.

"இதைப் பெருப்பியும்" என்றார் அண்ணர்.

றிஃபாத் இரண்டு விரலால் விரித்தான். சிவப்பு மாடு. முன் இடது கால் வெள்ளை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாரம் கட்டிய ஓர் ஆள் முன்னால் நடந்தான். முதுகுதான் தெரிந்தது.

"ஐயோ, சிவப்பி!" என்று நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"ஆரெண்டு தெரியேல்லையே" என்றான் தங்கராசா. குரல் திடீரென்று இறங்கியிருந்தது. "முகம் இல்லை. சின்னக் கமராதானே, ஒண்டும் விளங்காது."

அண்ணர் அவனைப் பார்க்கவில்லை. படத்தில் ஒரு விரலை வைத்தார். மனிதன் இருந்த இடத்தில் அல்ல. மனிதனுக்கும் மாட்டுக்கும் நடுவில். கயிறு தொய்ந்து, புல்லில் தொட்டுக்கொண்டு கிடந்தது. சிவப்பி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அப்படி அவள் பின்னால் போவது இரண்டே பேருக்குத்தான். அண்ணர் வவுனியாவில் நின்ற நாள் அது.

அண்ணர் போனை றிஃபாத்திடம் இரண்டு கையாலும் கொடுத்தார். மேசையில் கிடந்த கமராவை எடுத்து, சாரத் தலைப்பால் துடைத்து, அதையும் கொடுத்தார். "தேத்தண்ணி ஆறுது தம்பி, குடியுங்கோ" என்றார். அவனுக்கு அவர் மரியாதையாக 'ங்கோ' போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகு தங்கராசாவுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்தார்.

"திறப்பைத் தா."

"அத்தான், நான்..."

"திறப்பைத் தா தங்கராசா."

அவன் இடுப்பைத் தடவினான். முடிச்சு லேசில் அவிழவில்லை. திறப்பு அண்ணரின் கையில் விழுந்ததும் அவன் வீதியைக் கடந்து போனான். குறுக்கால போவான் என்று திட்ட வாயெடுத்தேன். அண்ணியைச் சுமந்த தோள் கண்ணுக்கு முன்னால் வந்தது, வாய் வரவில்லை.

சிவப்பி திரும்பி வரவில்லை. றிஃபாத் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறான். என்னோடு கதைப்பான், ஆனால் கமராவை வாசலிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். அது எனக்கு வயிற்றெரிச்சல்.

அண்ணர் இரண்டு திறப்பையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறார். வயது போகிறது, பிரஷர் வேறு. ஒருநாள் உள்ளே விழுந்து கிடந்தால் நான் எப்படிக் கதவைத் திறப்பது? போன கிழமை பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, மற்றத் திறப்பை என்னட்டைத் தாங்கோவன்."

தேத்தண்ணியை மணந்துகொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார். என்னை, கூடப் பிறந்தவளை.

"உனக்கு என்னத்துக்கு?" என்றார்.