அணைத்தால் எழும்பாத வண்டி

மினிபஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் என்றால் வண்டியை நேரத்துக்கு அனுப்புவது பாதி வேலை, அது விட்டுப்போன புகையை இழுப்பது மீதி வேலை. சம்பளம் முதல் பாதிக்கு மட்டும்தான். ஒர்க்‌ஷாப்காரர்கள், சிக்னலில் நின்று கைகாட்டுகிறவர்கள் எல்லோரும் நம்ம கூட்டம். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டாக்டரின் கேள்வி

இருமல் விடாததால் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்றார். ஒன்றுகூட இல்லை என்றேன். டீசல் புகையாலும் நுரையீரலில் புற்றுநோய் வரலாம், ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அதுவரை புகைப் பக்கம் போகாதீர்கள் என்றார்.

எனக்கு முன்னால் ஸ்டாண்டின் தகரக் கூண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்த தங்கராஜ் அண்ணாச்சி ஞாபகம் வந்தார். பீடியைத் தொடாத மனுஷன், நுரையீரல் புற்றுநோயில்தான் போனார். எனக்கு அந்தக் கவலை. கூட வந்த என் மனைவி மேரிக்கோ வேறு கவலை. வெளியே வந்ததும் கேட்டாள்: "உள்ளதச் சொல்லுங்க, எனக்குத் தெரியாம பீடி வலிக்கியளா?"

செல்ஃப் எடுக்காது

மறுநாளே, ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகள் எஞ்சினை அணைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். எல்லோரும் அணைத்தார்கள், பேச்சிப்பாறை வண்டி டிரைவர் ஸ்டீபனைத் தவிர. அவன் வண்டிதான் என் கூண்டுக்கு நேராகப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்பது. பேட்டரி செத்துப் பல நாளாகிறது. முதலாளி மாற்றித் தருவதாக இல்லை. காலையில் தள்ளிக் கிளப்பினால் பிறகு ஷெட்டுக்குப் போய்த்தான் அணைப்பான். என்னிடம் பொறுமையாகவே சொன்னான்: "அணைக்கதுக்கு எனக்குச் சம்மதம் அண்ணே. பெறவு நீரு தள்ளுவீரா?"

தள்ளினேன்

உயிர் பயம். சரி என்றுவிட்டேன். அவன் அணைத்ததும் ஸ்டாண்டில் அப்படி ஒரு அமைதி. எதிரே மீன் விற்கும் ரோசம்மாக்கா யாரை என்ன சொல்லித் திட்டுகிறாள் என்பது முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டது.

புறப்படும் நேரம் வந்தது. நானும் நாலைந்து பயணிகளும் பின்னால் போய்த் தள்ளினோம். சைலன்சர் பக்கம் எனக்கு வாய்த்தது. எஞ்சின் பிடித்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மொத்தமாக என் முகத்தில் விட்டுவிட்டு வண்டி போனது. நான் இருமி முடிக்கிறவரை காத்திருந்து ரோசம்மாக்கா சொன்னாள்: "முன்ன பொகை உன்னத் தேடி வந்துது மக்கா. இப்ப நீயில்லா அதுக்க வாயில மூஞ்சியக் கொண்டு வைக்க."

நிழல்

ஸ்கேன் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, பழைய சளிக்காய்ச்சல் விட்டுப்போன தழும்புதான். ஆனாலும் புகையிலிருந்து விலகியே இருங்கள் என்றார் டாக்டர். மேரி சர்ச்சுக்குக் காணிக்கை போடப் போனாள். நான் ஸ்டாண்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டீபன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நிஜமாகவே அவன் கண் கலங்கியிருந்தது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம் அண்ணே. அப்ப நாளைக்கும் தள்ளலாம் இல்லியா?"

தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன், பேட்டரிக்கு ஆகும் காசை முதலாளி என் நுரையீரலில் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.