தீபாவளி விளம்பரத்தில் நான் அழித்த தாலி

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைகளுக்கு விளம்பரம் செய்து ஈமெயிலில் அனுப்புவது எங்கள் தொழில். மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் என்னை அனுப்பிவிடுவதாக முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நானோ அரசாங்க டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவள். கம்ப்யூட்டரில் படம் ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்ட அப்பா, அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். வேலை போய்விட்டது என்று அவர் முகத்தில் போய் விழிக்க என்னால் முடியாது.

மூன்றாவது மாதம் கிள்ளான் ஊரில் நகைக்கடை வைத்திருந்த ஒருவர் தீபாவளி விளம்பரத்துக்காக வந்தார். மாடலெல்லாம் எதற்கு என்று, புது நெக்லஸை மனைவி கழுத்தில் போட்டுத் தானே படமெடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஸ்கேன் செய்து திரையில் காட்டினேன். அந்த அம்மாவின் கழுத்தில் தாம்புக்கயிறு தடிமனில் தாலிக்கொடி. நெக்லஸ் அதற்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

"என்னாம்மா இது, நகையே தெரியல? நகை மட்டும் தெரியட்டும். வேற எதுவும் வேணாம்லா."

சொன்னதைச் செய்வதில் நான் கெட்டிக்காரி. பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்து கழுத்தாகவா தெரிகிறது? சின்னச் சின்னக் கட்டங்கள். தோல் நிறக் கட்டத்தை எடுத்து மஞ்சள் கட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டே போனேன். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, சுவடே இல்லாமல் துடைத்தெடுத்தேன். கட்டங்களைத்தான் பார்த்தேன், தாலியைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் வேறு.

அவர் வந்து பார்த்தார். நெக்லஸ் பளிச்சென்று இருந்தது. அவர் கண்ணிலும் வேறொன்றும் படவில்லை.

"என் மூஞ்சியையும் மேல போடு. கடை யாரோடதுன்னு தெரியணும்ல" என்று பர்ஸிலிருந்து ஒரு பாஸ்போர்ட் படத்தை எடுத்துத் தந்தார்.

அதை முட்டை வடிவத்தில் வெட்டி, சுற்றிலும் செவ்வந்திப் பூ வைத்து, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கும் ஏற்றிவைத்தேன். தீபாவளி அல்லவா. முதலாளி பிரமாதம் என்றார். கடையின் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அப்போதெல்லாம் ஈமெயில் ஆபீஸில்தான் இருந்தது. வேலைக்குப் போகிற பிள்ளைகள் அதை ஆபீஸ் பிரின்டரில் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். பிரின்டரில் கறுப்பு மை மட்டும்தான். மேலே பூவுக்கு நடுவில் அவர், பக்கத்தில் விளக்கு, கீழே தாலி இல்லாமல் மனைவி. பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்தே வளர்ந்த நம் ஆட்களுக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

செந்தூலிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் கடைக்கு ஓயாமல் போன். மூன்றாம் நாள் நகைக்கடைக்காரர் மனைவியோடு படியேறி வந்தார்.

"நீயும் தமிழ்ப் பிள்ளதானே? எப்படிம்மா கை வந்துச்சு?" என்று அந்த அம்மா கேட்டார்.

வெட்கத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே என் சோதனைக் காலம் முடிந்துபோயிருந்தது.

"அவளத் திட்டாத" என்றார் அவர், மனைவியிடம். "வேற எதுவும் வேணாம்னு சொன்னது நான்தானே." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "இன்னொண்ணு அனுப்பணும் பாஸ்."

முதலாளிக்குப் போன உயிர் வந்தது. எனக்கும்தான். வேலை பிழைத்துவிட்டது.

"தாராளமா அனுப்பிடலாம். நீங்க நல்லா இருக்கீங்கன்னு பெருசா போட்டுடுவோம்."

"அது வேணாம். தீபாவளி ஆஃபர் உண்டுன்னு போடுங்க."

பழைய படத்திலிருந்து தாலிக்கொடியை எடுத்துத் திரும்ப ஒட்டினேன். அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று, அது முழுசாக வரும்வரை பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கிப் போனார். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மேலே இருந்த அவர் படத்தைப் பூ, விளக்கோடு சேர்த்து அழித்தேன்.

"அங்கிள், பூவும் விளக்கும் இல்லாம உங்க படத்தை மட்டும் திரும்பப் போடவா?"

"விடும்மா. வந்த போனெல்லாம் நான்தான் எடுத்தேன். 'பாஸ் போயிட்டாராமே, ஆஃபர் உண்டுதானே'ன்னு கேட்டாங்க. உண்டுன்னேன். சரின்னு வச்சிட்டாங்க." திரையில் அழித்துக் காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷப் பழக்கம். ஒருத்தனுக்குக்கூட என் குரல் தெரியல."