இராமர் அணைக்கு இந்தப் பக்கம்

சீகிரியாவுக்கு வரும் இந்தியப் பயணிகளிடம் அது இராவணனுடைய கோட்டை என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் பல்கலைக்கழகத்தில் படித்தது வரலாறு. அந்தக் குன்றின் மேல் அரண்மனை கட்டிய அரசன் யாரென்று எனக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்கள் கேட்க வருவது இராமாயணத்தை, பரீட்சைப் பாடத்தை இல்லை என்று சுற்றுலா முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் பழகிக்கொண்டேன். சீதை அழுத இடம், விமானம் இறங்கிய இடம், இராவணன் குளித்த இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போய், கடைசியில் தலைமன்னாரில் கடலைக் காட்டி, இங்கேதான் அணை வந்து முட்டியது என்று முடிக்க வேண்டும்.

மற்ற இடங்களை வாயால் மட்டும் சொல்வேன். தலைமன்னாரைச் சொல்லும்போதுதான் குரல் தானாக மாறும்.

அந்த நீரிணை ஆழமில்லாத கடல். மணல் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இராமேஸ்வரம் பக்கம் போகின்றன. பெரிய கப்பல் எதுவும் அதில் நுழைய முடியாது. இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அதைத் தோண்டி வழி விட வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு பேச்சு, சாமி கட்டியதைத் தொடக்கூடாது என்று அதற்கு ஒரு மறுபேச்சு. எங்கள் வேன் ஓட்டுகிற முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவேன், மாத்தளை டவுன்காரர். என் பேச்சைப் பல தடவை கேட்டுச் சலித்தவர். அவர் இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுவார். "ஒங்கட சாமி கட்டின, எங்கட ஆதம் நபி நடந்த, இப்ப நேவி காவல் நிக்கிற. நமக்கு அங்க என்ன வேல?"

எனக்கு வேலை இருந்தது. எங்கள் ஆட்கள் தோட்ட வேலைக்கு வந்த வழி அது. தோணியில் அந்தக் கடலைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்தவர்கள். வந்து சேராதவர்கள் பலர். வாந்திபேதியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு, கூட்டிவந்த கங்காணி மற்றவர்களை நடத்திக்கொண்டு போனதாகத்தான் எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். அதனால் எங்கள் லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், ரோட்டோரமாக வடக்குப் பார்த்து ஓர் இலை போட்டுச் சோறு வைப்போம். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். சோறு கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் தளும்பத் தளும்ப இருக்க வேண்டும். தண்ணீர் கேட்டுச் செத்தவர்களுக்கு வைப்பது அது.

அப்பா மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். அப்பா இளவட்டமாக இருந்தபோது, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்களோடு அவரும் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார். நேராகப் பூர்வீக ஊருக்கே போகிறேன் என்று சொல்லிப் போனவர். கொஞ்ச காலம் தகவல் வந்தது, பிறகு சண்டை வந்தது, கப்பலும் நின்றது, தகவலும் நின்றது. பெரியப்பா இருக்கிறாரா இல்லையா என்பதுதான் அப்பாவுக்கு இந்த உலகத்தில் தெரிய வேண்டிய ஒரே விஷயம். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். "இந்தியாக்காரங்க வருவாங்க இல்ல, யாராச்சும் ஒருத்தரு நம்ம ஊருப் பக்கம் இருக்க மாட்டாங்களா?"

விலாசமும் அவரே சொல்லிக் கொடுத்தார். இராமநாதபுரம் பக்கம் ஒரு ஊர். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. ஊர்ப் பெயர், காளி கோயில், ஊருணிக்குக் கிழக்கே. தோட்டத்தில் ஒருவர் உன் ஊர் எது என்று கேட்டால் தெருவரைக்கும் சொல்லவேண்டும். தெரு தெரியாதவன் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வரப்பட்டவன் என்று நினைப்பார்கள். அப்பா அந்த மூன்றையும் மந்திரம் மாதிரிச் சொல்வார். ஊருணியைப் பார்த்தவர்கள் எங்கள் லயத்தில் யாருமில்லை. என் கற்பனையில் அது, மலைத்தண்ணீர் குழாய் வழி விழும் எங்கள் பீலி மாதிரி, ஆனால் பெரிதாக, தாமரையோடு இருந்தது.

போன வருஷம் அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தே விட்டார்.

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு குழு. அதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும். தங்கமான மனுஷர். முதல் நாளிலிருந்தே என்னைத் தம்பி தம்பி என்றுதான் கூப்பிட்டார். அவர் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து, "சாப்பிடுப்பா, வெயில்ல கத்திக்கிட்டே வர்ற" என்றார். தலைமன்னாருக்குப் போகும் நாள் காலையில்தான் பேச்சுவாக்கில் அவர் தன் ஊரைச் சொன்னார். அப்பா சொல்லும் அதே ஊர். உடனே கேட்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் போன் போட்டேன். அவர் "கேளு, மறக்காமக் கேளு" என்று மட்டும் சொன்னார். கடலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வரலாறு படித்தவனுக்கு இப்படிச் சில கிறுக்குகள் உண்டு.

பழைய இறங்குதுறைக்குக் கிட்டப் போய் நின்றோம். துருப்பிடித்த இரும்பும் கடலும்தான் அங்கே மிச்சம். குரங்குகள் கல் சுமந்ததை, அணில் மணல் சுமந்ததை எல்லாம் வழக்கம்போலச் சொன்னேன். குழுவிலிருந்தவர்கள் கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்று கண் கலங்கினார். இந்த மண்ணை மிதிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார். அவர் கரையேறியதும், எங்கள் ஆட்களும் இந்த வழியாகத்தான் வந்தார்கள் என்று சொன்னேன். பெரியப்பா கப்பல் ஏறியதும் இதே இடத்தில்தான் என்றேன். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூர்வீகம் எங்கிட்டு, தம்பி?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டு, இங்க பாரு, நம்ம ஊருப் பிள்ளை, கடலுக்கு இந்தப் பக்கம் வந்து கிடைச்சிருக்கு என்றார்.

"நம்ம ஊர்ல எந்தத் தெரு?"

நான் சொன்னேன். காளி கோயில், ஊருணிக்குக் கிழக்கே. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பித்ததுபோல, பெருமையாகத்தான் சொன்னேன்.

கை தோளிலிருந்து இறங்கியது. வெடுக்கென்று இழுத்துக்கொள்ளவில்லை, மெதுவாகத்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க அந்தக் கை தேவைப்பட்டதுபோல எடுத்துக்கொண்டார். நான் விடவில்லை. பெரியப்பாவின் அடையாளம் சொன்னேன், சிலோனிலிருந்து போனவர், இடது புருவத்தில் தழும்பு, இருந்தால் நல்ல வயதாகியிருக்கும் என்றேன். உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொன்னால் போதும், ஊருக்குப் போனதும் ஒரு போன் போட்டால் போதும் என்றேன்.

"அந்தப் பக்கம் நமக்குப் பழக்கமில்ல, தம்பி."

எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஒரே ஊர்தானே, எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஊருணிதான் நடுவுல" என்றார். நடந்து போகிற தூரம்தான், ஆனால் அவர் பிறந்ததிலிருந்து போனதில்லை. அதைக் கோபத்தோடு சொல்லவில்லை, வெட்கத்தோடும் சொல்லவில்லை. பஸ் போகாத ஊரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

சாதி எங்களுக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு எடுத்தால் எங்கள் லயத்திலும் அது எழுந்து உட்காரும். ஆனால் பீலி ஒன்றுதான். குடத்தை யார் முதலில் வைத்தார்களோ அவர்களுக்குத்தான் தண்ணீர். ஒரு திசையைச் சொன்னால் ஒரு மனுஷனின் முழுக் கதையும் வெளியே வந்துவிடும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா அதை இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருக்க மாட்டார்.

மத்தியானம் மர நிழலில் சோற்றுப் பார்சல் கொடுத்தோம். பெரிய கேனிலிருந்து கப்பில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது என் வேலை. அவரிடம் நீட்டினேன். "இருக்கட்டும் தம்பி, தாகமில்ல." அந்த வெயிலில். கொஞ்சம் கழித்து அவர் நானாவிடம் போய், "பாய், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டு, அதே கேன் தண்ணீரை இரண்டு கப் குடித்தார். புறப்படும்போது அவர் மனைவி எல்லோருக்கும் முறுக்குக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். இந்தத் தடவை என் கையைப் பிடிக்கவில்லை. ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டார். பாதி உடைந்து மணலில் விழுந்தது.

நானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் முன் சீட்டில் ஏறியதும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அதே கேன்தான். என்ட கை பட்டா இனிக்கிது போல." பிறகு வண்டியைக் கிளப்பினார். மன்னாரிலிருந்து தம்புள்ளை வரைக்கும் நான் மைக்கை எடுக்கவேயில்லை. ஏசி வேன். வெளியே காடு. வந்தவர்கள் இந்தக் காட்டில் செத்தார்கள் என்று இதுவரை எத்தனையோ குழுக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எதை விட்டுவிட்டு வந்து செத்தார்கள் என்று யோசித்ததில்லை. ஊருக்காக ஏங்கினார்கள் என்றே எழுதிப் பட்டமும் வாங்கினேன்.

தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தியபோது அப்பாவின் போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். விருந்தாளியை எதிர்பார்க்கிறவர் மாதிரி.

"கேட்டியா?"

"கேட்டேன்ப்பா."

"ஊருணி இன்னும் இருக்காமா?"

"இருக்காம்."

"நம்ம தெரு?"

"அதுவும் அப்படியேதான் இருக்காம்."

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டு, தெரு இருக்காம்டி, அப்ப அண்ணனும் அங்கதான் இருக்கும் என்றார். பிறகு என்னிடம், "அப்ப அவரு போய்ப் பாத்துச் சொல்லுவாருல்ல?" என்று கேட்டார்.

"மாட்டாருப்பா."

"ஏன்?"

"அவருக்குத் தூரமாம்."

"ஒரே ஊருன்னியே?"

"ஒரே ஊருதான்."

அப்பாவுக்கு இன்னொரு கேள்வி வாயருகே வந்தது. அதைக் கேட்காமல் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு எந்தக் குழுவைப் பற்றியும் அவர் என்னிடம் விசாரித்ததில்லை. நானும் தலைமன்னாரில் குரங்குகளோடு நிறுத்திக்கொள்கிறேன். யாராவது பூர்வீகம் கேட்டால் மாத்தளை என்கிறேன். அதற்கு முன்னால் என்று சிலர் விடாமல் கேட்பார்கள். மாத்தளைதான் என்று இன்னொரு தடவை சொல்வேன்.

இந்த வருஷம் திருவிழா முடிந்த மறுநாள் அப்பா ரோட்டோரத்தைக் கூட்டிவிட்டு இரண்டு இலை போட்டார். ஒன்று வழக்கமானது. மற்றதைக் கொஞ்சம் தள்ளி, தனியாகப் போட்டார். அம்மா சோற்றை இரண்டு பங்காக வைத்தார். அப்பா இரண்டாவது செம்பை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். வழியெல்லாம் சிந்தச் சிந்த, நிரம்பக் கொண்டுவந்து வைத்தார்.