திறந்தே இருக்க வேண்டிய மூடி

சூசையப்பன் மாமா ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் நான்கைந்து முறை அதை மூடிவிடுவார். ஒரு வாய் குடிப்பார், உள்ளங்கையைக் கிளாஸின் மேல் வைத்துக்கொண்டு பேசுவார், பிறகு அடுத்த வாய். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் உப்பு ஜாடியையோ தண்ணீர்க் குடத்தையோ மூடிவிட்டுத்தான் உட்காருவார். சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாகக் காய் உலர்த்துகிறவர். உலர்ந்த காயைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறி நிறம் போய்விடும்.

"வாயத் தவிர எல்லாத்தையும் மூடுவாரு" என்பார் அவர் மனைவி இன்பமேரி அத்தை.

அவர்கள் மகள் ஆன்மேரி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். வீட்டில் பழகிப் பார்க்க மெஷின் இல்லை. நெடுங்கண்டத்தில் சித்தி வீட்டில் இருந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி ஜீப்பில் அங்கே தங்கப் போவதாக முடிவாகி, பை கதவருகே வந்துவிட்டது. அந்த வாரம்தான் எஸ்டேட் ஆபீஸில் கழித்த கம்ப்யூட்டர் ஒன்றை மாமா தலைச்சுமையாகக் கொண்டுவந்து, "தம்பி, இதுக்கு உயிர் வருமா? வந்தா புள்ள எங்கயும் போவேண்டாம்" என்று என்னிடம் கேட்டார்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் வரும். ஆனால் போடும்போது இணையம் வேண்டும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் சிக்னல். ஞாயிறு மதியம் அங்கே ஒரு ஸ்டூலில் என் லேப்டாப்பை வைத்து, போனிலிருந்து அதற்கு இணையம் எடுத்து, அதிலிருந்து நீளமான கேபிள் ஒன்றை அடுப்படி ஜன்னல் வழியாக வீட்டிலிருந்த கம்ப்யூட்டருக்கு இழுத்தேன். மாமா லேப்டாப்புக்குக் காவல். நான் உள்ளே.

எழுபது சதவீதத்தில் எல்லாம் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். லேப்டாப் மூடியிருந்தது, மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ஒரு கல். பக்கத்தில் மாமா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"மஞ்சு எறங்குச்சு தம்பி. நனையாம மூடிட்டேன்."

மூடக் கூடாது என்று முதலிலேயே சொல்லாதது என் தவறு. "மூடினா அது தூங்கிரும் மாமா. அது வழியாத்தான் உள்ள நெட் வருது."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப புள்ளய நானே அனுப்பி வைக்கப் பாத்தேனா?"

மணி இரண்டரை. முதலிலிருந்து தொடங்கினேன். மாமா குடையை விரித்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, திறந்த லேப்டாப்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார். பனி அவர் தோளில் இறங்கியது. ஆன்மேரி வந்து குடையைக் கேட்டாள், தரவில்லை. அத்தை கொண்டுவந்த டீயையும் கையில் வாங்கவில்லை. அத்தையே கிளாஸை அவர் வாயில் வைத்தார்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இப்பிடி ஊட்டினதில்ல. இப்ப வந்திருக்கு பவுசு."

நாலரைக்கு எல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. இனி அதற்கு இணையம் தேவையில்லை. ஐந்து மணிக்கு ஜீப் டிரைவர் ஜோமோன் ஹாரன் அடித்தபோது, ஆன்மேரி வாசலில் நின்று வரவில்லை என்று கையசைத்தாள். பையை மாமா உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

காற்றுக்குப் பயந்துதான் குடையை அப்படி இரண்டு கையாலும் பிடித்திருந்தார் என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஆன்மேரி சொன்னாள், அன்று மேட்டில் காற்றே இல்லையாம். ஒரு கை சும்மா இருந்தால் தன்னை அறியாமல் மறுபடியும் லேப்டாப்பை மூடிவிடுவோமோ என்று பயந்தாராம்.