பல் அக்கா உடைத்த விதி

என் அண்ணிக்கு எங்கள் சர்ச் சபைப் பிள்ளைகள் வைத்த பெயர் பல் அக்கா. பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, நோயாளி வாயில் ஊறும் எச்சிலைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதுதான் அவளுக்கு வேலை. வாரம் முழுக்க ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வாலிபர் வகுப்பு எடுக்கச் சபைக் கூடத்துக்கு ஓடுவாள். சம்பளம் ஒரு டம்ளர் டீ, அதுவும் ஆறிப்போனது. "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று என் அண்ணன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டான்.

பாட்டு, விளையாட்டு, கொஞ்சம் புத்திமதி என்று ஒப்பேற்றுகிற வகுப்பு இல்லை அது. வேதத்தை வரிவரியாகப் படிக்க வைப்பாள். இதை யாருக்கு எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று குடைவாள். பிள்ளைகள் திருப்பிக் கேட்டால், "தெரியலப்பா, தேடிட்டு வரேன்" என்று கூச்சமில்லாமல் சொல்லிவிட்டு, போதகரிடம் தலையணை மொத்தத்தில் புத்தகம் வாங்கி வந்து, அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்கப் படிப்பாள். பிள்ளைகள் எதிர்க்கேள்வி கேட்கிறார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வந்தால், அவர்கள் வீட்டுச் சமையலறையிலேயே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பாள். "பசங்களை விட அவங்கதான் அதிகமா பயந்து போயிருக்காங்க" என்பாள்.

வகுப்புக்கு ஒரே ஒரு விதி: இங்கே பேசியது வாசலைத் தாண்டாது. அவள் போட்ட விதிதான். அதை நம்பித்தான் வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட அவளிடம் கொட்டித் தீர்த்தார்கள்.

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு வாலிபர் ஞாயிறு. அன்றைக்கு ஒரு பிள்ளை மைக் முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். முதலில் கஷ்டம், அப்புறம் ஜெபம், கடைசியில் ஜெயம். ஜெயம் வந்ததும் மொத்தச் சபையும் அல்லேலூயா என்று கூரையைப் பிய்க்கும். என் கஷ்டம் இன்னும் தீரவில்லை என்று இதுவரை ஒரு பிள்ளையும் அங்கே நின்று சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே!

அந்த மாதம் போதகரின் சின்ன மகள் முறை. பல மாதமாக அவள் கல்லூரிக்கும் சரியாகப் போகவில்லை, யாருடனும் பேசவும் இல்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். பிறகு போதகரே, மனச்சோர்வு ஜெபத்தில் போய்விட்டது, மகள் சாட்சி சொல்வாள் என்று மேடையில் அறிவித்தார்.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்து மற்ற பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். நான் மேடைத் திரைக்குப் பின்னால் கீபோர்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன் என்று அவள் நின்று, கடகடவென்று பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள். அண்ணி கை தட்டவில்லை.

"மைக் கம்பியை விடு பாப்பா" என்றாள்.

அவள் விடவில்லை. திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன், விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பல் பிடுங்குகிற நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வாயால் வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கையால் நாற்காலியை உடும்புப் பிடியாகப் பிடித்திருப்பார்களாம். அண்ணி எப்போதும் கையைத்தான் நம்புவாள்.

"போயிடுச்சுன்னு சொன்னியே, நெஜமாவே போயிடுச்சா?"

"போகலக்கா. ஆனா அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. இப்ப போய் இல்லேன்னா அவருக்கு எவ்ளோ அசிங்கம்?" பிறகு மணி என்ன என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "காலைல முழிக்கிறப்பவே ஏன் முழிச்சோம்னு இருக்கு. நாளைக்கு இதை மட்டும் பேசி முடிச்சுட்டா, அப்பாவுக்கு நான் செய்ய வேண்டியது முடிஞ்சிடும்."

நான் வயரை அப்படியே கீழே வைத்தேன்.

"அதுக்கப்புறம் சாகணும்னு இருக்கியா?" என்று அண்ணி நேரடியாகவே கேட்டாள். இப்படியா பட்டென்று கேட்பது என்று நான் பதறினேன். ஆனால் கேட்டதும் அந்தப் பெண்ணின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

"ஆமாக்கா. இங்க பேசினது வாசலைத் தாண்டாதுல்ல?"

அண்ணியின் முகம் செத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லி, கையைப் பிடித்து ஜெபம் பண்ணி அனுப்பியிருக்கலாம். அந்தப் பெண்ணின் நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

"இது தாண்டும் பாப்பா. இப்பவே உங்க வீட்டுக்குப் போறோம். உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். நீ பக்கத்துல இருக்கறப்பவே சொல்றேன்."

"வாக்குக் குடுத்தீங்களேக்கா!" என்று கத்திவிட்டு அவள் ஓடினாள். பக்கத்துச் சின்ன அறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் உள்ளே சத்தமே இல்லை. அழுதாலாவது தெரியும், திட்டினாலாவது தெரியும். கதவை உடைக்க ஏதாவது எடுத்து வா என்று, திரையை விலக்கி ஓடி வந்த எனக்கு அண்ணி சைகை காட்டினாள். தோட்டத்தில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடி வந்தபோது, அவள் நெற்றியைக் கதவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். குரல் பதறவில்லை.

"அந்த விதியைப் போட்டது என் தப்பு பாப்பா. உயிரை விடப் பெருசா ஒரு ரகசியத்தை வெச்சுட்டேன். வேதத்துல ஒரு தீர்க்கதரிசி, போதும், என்னைச் சாகடின்னு கேட்டாரு, ஞாபகம் இருக்கா? கடவுள் அவரைத் திட்டல. விசுவாசம் எங்கன்னு கேக்கல. தூங்க விட்டாரு. எழுப்பிச் சாப்பிட வெச்சாரு. மறுபடியும் தூங்க விட்டாரு. நீ ஜெயிச்சுட்டு வரணும்னு இல்ல. கதவைத் திறந்தா போதும்."

நான் கடப்பாரையைக் கதவிடுக்கில் வைத்தேன். அப்போது தாழ்ப்பாள் விலகியது.

போதகர் வீடு கூடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அந்தக் கொஞ்ச தூரமும் அண்ணி அவள் மணிக்கட்டை விடவில்லை. போதகர் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார், போதகர் அம்மா என்று நாங்கள் கூப்பிடும் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். போதகர் எழுந்து, கண்ணை மூடி, மகள் தலையில் கை வைக்க வந்தார்.

"ஐயா, ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. டாக்டர்கிட்ட போற வழியில பண்ணுங்க" என்றாள் அண்ணி. அவர் முன்னால் சத்தமாகப் பேசியே பழக்கமில்லாதவள். "நாளைக்கு இவ மைக் முன்னாடி நின்னா கடவுள் பேரால பொய்ச்சாட்சி சொல்லுவா. சொல்லச் சொன்னது நீங்க, சொல்லிக் குடுத்தது நான்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர். சொந்தப் பொண்ணுக்கே சரியாகலைன்னா, யாரு முன்னாடி நின்னு என்ன பிரசங்கம் பண்றதுன்னு பயந்துட்டேன். இவளைப் பாக்கவே இல்ல."

"அதையெல்லாம் வண்டியில சொல்லுங்க, எந்திரிங்க" என்றார் போதகர் அம்மா. அவர் அதற்குள் செருப்பு மாட்டி, சாவியோடு வாசலில் நின்றிருந்தார்.

வண்டியில் ஏறும்போது அந்தப் பெண் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "இனிமே செத்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மறுநாள் போதகர் தனியாக மைக் முன்னால் வந்தார். மகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இன்னைக்குச் சாட்சி இல்ல. ஜெபம் பண்ணி இன்னும் பதில் வராதவங்க என்னோட சேர்ந்து சும்மா எழுந்து நில்லுங்க" என்றார். ஒருவர் இருவராக எழுந்து, கடைசியில் பாதிச் சபைக்கு மேல் நின்றது. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

அந்தப் பெண் மாத்திரை சாப்பிடுகிறாள், டாக்டரிடம் போய்ப் பேசுகிறாள். நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. எங்கள் வீட்டில் போன் அடித்தால் அண்ணி இன்னும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறாள். பல் அக்கா போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று பேச்சுப் பரவி வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறாள்: "எல்லாம் ரகசியம்தான். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உன்னையும் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வருவேன்."

அந்தப் பெண் சொன்னபடியே அண்ணியிடம் பேசவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து எங்களைத் தாண்டிப் போகும்போது முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திமிரைப் பாத்தீங்களா அண்ணி? நீங்க இல்லேன்னா அன்னைக்கு என்ன ஆகியிருக்கும்? ஒரு பார்வை பாத்தா குறைஞ்சா போயிடுவா?"

அவள் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கும் வரை அண்ணி கண்ணை எடுக்கவில்லை.

"கோபப்படட்டும்டி" என்றாள். "வாராவாரம் வந்து கோபப்படட்டும்."