சிவகாமி அம்மாளின் காசுமாலை

சென்ற வெள்ளிக்கிழமை, நுவரெலியாவில் நான் வேலை பார்க்கும் கடை வாசலில் ஹட்டன் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் சொல்லிவிட்டுப் போனார்: ஜவுளிக்கடை சிவகாமி அம்மாள் காலமாகிவிட்டார்கள்.

ஹட்டனில் அவர்கள் கடையில் நான் பல ஆண்டுகள் துணி அளந்தவன். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மணப்பெண்ணாக அவர்கள் வந்து இறங்கியபோது, கடைவீதி முதலில் பார்த்தது காசுமாலையைத்தான். ராஜா தலை பொறித்த பொற்காசுகளை நெருக்கிக் கோத்தது, இடுப்புவரை தொங்கும். தீபாவளிச் சேலை எடுக்க வரும் தோட்டத்துப் பெண்கள் சேலையை மறந்து அதையே பார்ப்பார்கள். அம்மாள் குனிந்து தொட்டுப் பார்க்க விடுவார்கள்.

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்த ஆண்டில் அம்மாளின் கணவரான முதலாளி காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. கருமாதியன்று உறவுப் பெண்கள் தாலியைக் கழற்றியபோது அம்மாள் அசையாமல் இருந்தார்கள். காசுமாலையில் கை வைத்தபோது தடுத்துவிட்டார்கள். முதலாளியின் அண்ணன், இது என்ன புதுப் பழக்கம் என்று அதட்டினார்.

"தாலி அவங்க கட்டினது, எடுத்துக்கிட்டீங்க. இது எங்கம்மா போட்டது. அம்மா ஊர்ல உசுரோட இருக்காங்க. நான் எதுக்குக் கழட்டணும்?"

அதன்பின் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் அவர்களுக்கு அழைப்பு வரவில்லை. வெள்ளைச் சேலைமேல் மாலையோடு கல்லாவில் அமர்ந்து கடையை நடத்தினார்கள். ஊர்ப் பேச்சு காதில் விழாமலில்லை. ஒருமுறை உள்ளறையில் அழுததை நான் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து, தாயார் இறந்ததாகத் தந்தி வந்தது. என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு மாலையைத் தாமே கழற்றினார்கள். ஊருக்குப் போய்த் திரும்பியபோது, அதைத் தங்கை மகளுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்த மாதமே முதலாளியின் அண்ணன் தம் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். அம்மாள் காப்பி கொடுத்து உபசரித்தார்கள்.

"இத்தன வருசம் மாலையோட இருந்தவளும் நான்தானுங்க. நான் வரலை."

அவர் பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

செய்தி கேட்டு நான் ஹட்டன் சுடுகாட்டுக்குப் போனபோது, அம்மாளுக்குக் கொள்ளி வைக்கும் உரிமை அந்த அண்ணனுக்கே வந்திருந்தது. தூறலில் விறகு பற்றத் தாமதமாயிற்று. எல்லோரும் கலைந்த பின்னும் அவர் மட்டும் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றிருந்தார்.

போய் வாருங்கள், அம்மா.